நாலு மானிட்டருக்கு எத்தனை ஜிபி?

ஒரு திரையில் டேலி, பக்கத்தில் ஜிஎஸ்டி தளம், மூன்றாவதில் எக்செல் என்று பரப்பி வைத்து வேலை பார்க்க நினைக்கும் கணக்காளரும் சரி, பங்குச் சந்தை சார்ட்டுகளை வரிசையாக அடுக்கும் டிரேடரும் சரி, கடைக்குப் போனதும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை ஜிபி கிராபிக்ஸ் கார்டு போடலாம்?" கேள்வியே கோணல். கோணல் கேள்விக்குக் கடைக்காரர் நேரான பதில் சொல்வார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அவருக்கு ஜிபி கூடினால் பில்லும் கூடும்.

"திரை கூடினால் ஜிபியும் கூட வேண்டும்"

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். முழு எச்டி திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080. புள்ளி ஒன்றுக்கு 4 பைட். பெருக்கினால் 83 லட்சம் பைட்டுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 8 எம்பி சொச்சம். நாலு திரைக்கும் சேர்த்து 33 எம்பி. 2 ஜிபி கார்டில் இது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. விண்டோஸும் பிரவுசரும் திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனியாக இடம் பிடிப்பதால் நடைமுறையில் சில நூறு எம்பி போகும். அப்படியும் அலுவலக வேலைக்கு 2 ஜிபி போதும், 4 ஜிபி தாராளம். கேம் ஆடுவதும் வீடியோ எடிட்டிங்கும் வேறு கதை; அதை இங்கே இழுக்க வேண்டாம்.

எத்தனை ஜிபி என்பதைவிட மெமரி என்ன வகை என்பதைத்தான் பெட்டியில் படிக்க வேண்டும். என்விடியாவின் ஜிடி 1030 கார்டு 2017-ல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. அடுத்த ஆண்டே அதே பெயரில், அதே 2 ஜிபியில், டிடிஆர்4 மெமரி போட்டு ஒன்றை இறக்கினார்கள். மெமரியின் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. வித்தியாசம் பெட்டி மேலே பொடி எழுத்தில் இருக்கும்.

"புதுசா, வேகமான கார்டு என்றால் எத்தனை மானிட்டரும் ஓடும்"

ஓடாது. ஒரே சமயத்தில் எத்தனை திரைக்குத் தனித்தனிப் படம் அனுப்பலாம் என்பது சிப்பிலேயே முடிவாகிவிடும் விஷயம். 2012 மார்ச்சில் ஜிடிஎக்ஸ் 680 வரும்வரை என்விடியாவின் கேம் கார்டுகள் பொதுவாக ஒன்றுக்கு இரண்டு திரைதான். பின்னால் மூன்று போர்ட் இருந்தாலும் மூன்றாவது சும்மா இருக்கும். "ஒரு கார்டுக்கு ரெண்டு மானிட்டர்தான் சார்" என்று இன்றும் சிலர் சொல்வது அந்தக் காலத்து மிச்சம். போட்டிக் கம்பெனியான ஏஎம்டி 2009-லேயே எச்டி 5870-ல் மூன்றை ஓட்டிக் காட்டியது. வேடிக்கை என்னவென்றால், அதே ஏஎம்டி 2022-ல் விட்ட ஆர்எக்ஸ் 6400 இரண்டு திரையோடு நின்றுவிடுகிறது. பட்ஜெட் கார்டு தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

இந்த வேலைக்கென்றே செய்தவை வேறு வரிசையில் இருக்கின்றன. என்விடியா டி400-ல் மூன்று மினி டிஸ்ப்ளேபோர்ட், டி600-ல் நாலு. 'ஒர்க்ஸ்டேஷன் கார்டு' என்ற பெயரைப் பார்த்ததும் நமக்கு எட்டாது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். டி400 அந்த வரிசையின் கடைக்குட்டி. கேமில் சோப்ளாங்கிதான், மூன்று திரையில் எக்செல் ஓட்டுவதற்கு அதை மிஞ்ச வேண்டியதில்லை.

எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வாங்கி ஒரு போர்ட்டை இரண்டாக்கலாம் என்பதும் நடக்காது. இரண்டு திரையிலும் ஒரே படம்தான் வரும்.

"கார்டு போட்டால் மதர்போர்டு போர்ட் வேலை செய்யாது"

பல கம்ப்யூட்டர்களில் இது உண்மை மாதிரியே தெரியும். கார்டைச் செருகியதும் பயாஸ் தானாகவே உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸுக்குள் போய் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்கிற வகை அமைப்பைத் தேடி இயக்கிவிட்டால் பல போர்டுகளில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடும். கார்டில் இரண்டு, போர்டில் ஒன்று என மூன்று திரை கிடைத்துவிடும்.

அதற்கும் முந்தின கேள்வி, கார்டே வேண்டுமா என்பது. கேபினெட்டைத் திருப்பி, யுஎஸ்பி வரிசைக்குப் பக்கத்தில் எத்தனை திரைப் போர்ட் இருக்கிறது என்று எண்ணுங்கள். 2013-ல் வந்த 4-ம் தலைமுறை இன்டெல் கோர் சிப்பிலேயே 3 திரைக்கு வசதி உண்டு. 12-ம் தலைமுறையில் 4. போர்டில் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும் இருந்தால் இரண்டு மானிட்டருக்கு ஒரு கேபிள் செலவோடு முடிந்தது. சிப்பின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் மட்டும் உள் கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5600-க்கு இல்லை, 5600ஜி-க்கு உண்டு. கார்டு விற்க உட்கார்ந்திருப்பவர் இதையெல்லாம் தானாகச் சொல்ல மாட்டார்.

"கன்வெர்ட்டர் போட்டால் எதிலும் எதையும் மாட்டலாம்"

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு முனையில் டிஸ்ப்ளேபோர்ட், மறுமுனையில் எச்டிஎம்ஐ உள்ள சாதாரண கேபிள் ஒருவழிப் பாதை. கார்டு பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ என்றால் படம் வரும். மாற்றிப் போட்டால் வராது. அதற்கு உள்ளே சிப் வைத்த வேறு கன்வெர்ட்டர் வேண்டும். பழைய விஜிஏ மானிட்டர் இன்னொரு வம்பு. டிவிஐ-டி போர்ட்டில் விஜிஏ சிக்னலே கிடையாது, ஆகவே அதில் வெறும் செருகி போட்டுப் பயனில்லை. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டரில் சிப் இருப்பதால் அது ஓடும். டி400 வாங்குகிறவர் மினி டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களின் விலையையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்வது நல்லது.

"எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்ற வேண்டும்"

வேண்டாம். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் தரும். டி400-க்கு 30 வாட், ஆர்எக்ஸ் 6400-க்கு 53. பார்க்க வேண்டியது உயரத்தை. ஆபீஸ்களிலிருந்து கழித்து விற்கும் ஒல்லிக் கேபினெட்டில் முழு உயரக் கார்டு நுழையாது. பெட்டிக்குள் குட்டைத் தகடு இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

"சீல் உடைக்காத கார்டு, புதுசுதானே"

ஜிடி 710 இன்னமும் புதுப் பெட்டியில் கிடைக்கிறது. அது 2012-ல் தொடங்கிய கெப்ளர் தலைமுறைச் சரக்கு. அந்தத் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர் புதுப்பிப்பு 2021-லும், பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 செப்டம்பரிலும் நின்றுவிட்டன. ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்கு வரும் 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' இதைவிட மோசம். பத்து வருடத்துக்கும் மேற்பட்ட ஜிடிஎஸ் 450 கார்டில் பெயரை மட்டும் மாற்றி எழுதி விற்கிறார்கள், விண்டோஸும் அந்தப் புதுப் பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட கார்டுகளைப் போலி என்று குறித்துக் காட்டுகிறது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.