பெயரே சான்று

நுழையும்முன்

பலர் கூடி எழுதும் படைப்பொன்றில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை நினைவில் வைத்திருப்பது எளிதன்று. கணினி நிரல்களின் இத்தகைய வரலாற்றைக் காப்பவை பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள். அவை காத்த வரலாறு பின்னர்த் திருத்தப்படவில்லை என்பதை எவ்வாறு உறுதிசெய்வது? பிறர் சொல்லை நம்பியிராமல், கோப்பைத் திறந்து நாமே சரிபார்க்கும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

கிட்டின் தோற்றம்

லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலைப் பல நாட்டு நிரலர்கள் இணைந்து உருவாக்கி வருகின்றனர். அவர்கள் பயன்படுத்திய பிட்கீப்பர் என்னும் மென்பொருளின் கட்டணமற்ற உரிமம் 2005ஆம் ஆண்டில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதனால், லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் கிட் என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினார். தரவு சிதைந்தால் அது தவறாமல் வெளிப்பட வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களுள் ஒன்று.

பொருளும் பெயரும்

கிட் பயன்படும் திட்டத்தில் '.கிட்' என்னும் மறைவான கோப்புறை இருக்கும். கோப்பின் உள்ளடக்கம், கோப்புறையின் பட்டியல், மாற்றத்தின் பதிவு ஆகியவை அதனுள் தனித்தனிப் பொருள்களாகச் சேமிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பொருளின் முன்னும் சிறு முகப்பு உண்டு. வகையின் பெயர், ஓர் இடைவெளி, உள்ளடக்கத்தின் அளவு, சுழிய மதிப்புடைய ஒரு பைட்டு ஆகியவை அதில் வரிசையாக அமையும்.

முகப்பையும் உள்ளடக்கத்தையும் சேர்த்து ஷா-1 என்னும் முறையில் கணக்கிட்டால் 40 இலக்கங்கள் கொண்ட பதினாறடிமான எண் கிடைக்கும். அதுவே அப்பொருளின் பெயர். முதல் 2 இலக்கங்கள் கோப்புறையின் பெயராகவும் எஞ்சிய 38 இலக்கங்கள் கோப்பின் பெயராகவும் அமைகின்றன. பின்னர் அப்பொருள் இசட்லிப் முறையில் சுருக்கிச் சேமிக்கப்படுகிறது.

நாமே எழுதும் நிரல்

இக்கோப்பைப் படிக்கப் பைத்தான் மொழியில் சில வரிகளே போதும். கோப்பைப் பைட்டுகளாகப் படித்தல், சுருக்கத்தை விரித்தல், முதல் சுழியப் பைட்டில் இரண்டாகப் பிரித்தல், ஷா-1 மதிப்பைக் கணக்கிட்டுப் பெயரோடு ஒப்பிடுதல் என்பன அதன் படிநிலைகள். விரித்த வடிவத்திற்கே கணக்கிட வேண்டும். சுருக்கிய வடிவத்திற்குக் கணக்கிட்டால் பெயர் பொருந்தாது.

தமிழ் உரையைக் கையாளும்போது மற்றொன்றையும் கருத வேண்டும். 'அம்மா' என்னும் சொல்லில் 3 எழுத்துகள் உள்ளன. யூனிகோடு அதனை 5 குறியீடுகளாகக் கொள்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள் பெறுவதால் அச்சொல்லின் அளவு 15 ஆகும். முகப்பில் இடம்பெறுவது இந்த 15 என்னும் எண்ணே. எழுத்துகளை எண்ணும் நிரல் இங்கே பிழைபடும்.

பொதிக்கோப்புகள்

பொருள்கள் பெருகும்போது கிட் அவற்றை ஒரே பொதிக்கோப்பில் அடுக்குகிறது. அதன் முதல் 12 பைட்டுகளில் அடையாளச்சொல், பதிப்பெண், பொருள்களின் எண்ணிக்கை ஆகியவை உள்ளன. ஒத்த பொருள்களுள் ஒன்றை முழுமையாக வைத்து, மற்றொன்றின் வேறுபாட்டை மட்டும் குறித்தலும் உண்டு. விரித்தபின் உள்ள அளவு மட்டுமே இதில் குறிக்கப்படுகிறது; சுருக்கிய பகுதி முடியும் இடம் குறிக்கப்படுவதில்லை. விரித்துக்கொண்டே சென்றுதான் அடுத்த பொருளின் தொடக்கத்தை நிரல் அறிய வேண்டும்.

உறுதியும் எல்லையும்

மாற்றத்தின் பதிவில் பட்டியலின் பெயரும் முந்தைய பதிவின் பெயரும் உள்ளன. பட்டியலில் கோப்புகளின் பெயர்கள் உள்ளன. ஆகவே, பழைய கோப்பொன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன்பின் வரும் பதிவுகளின் பெயர்கள் அனைத்தும் மாறிவிடும். மறைவாகத் திருத்த இயலாமைக்கு இதுவே காரணம்.

எனினும், ஷா-1 முறை குறையற்றதன்று. ஒரே ஷா-1 மதிப்புடைய இரு வேறு கோப்புகளை ஆய்வாளர்கள் 2017இல் உருவாக்கிக் காட்டினர். அதன்பின் இத்தகைய மோதலைக் கண்டறியும் முறையைக் கிட் ஏற்றது. வலிமை மிக்க ஷா-256 முறைக்கும் இடமளித்தது. சரிபார்க்கும் கருவியும் சரிபார்ப்புக்கு உரியதே என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. உள்ளே இருப்பதைத் தாமே திறந்து பார்க்கக் கற்றவர், கருவியைப் பயன்படுத்துவதோடு நில்லாமல் அதனை மதிப்பிடவும் வல்லவர் ஆகிறார்.