அழைப்பை எடுத்த பிறகு

மன நெருக்கடி உதவிச் சேவை ஒன்றை எடைபோட உட்கார்ந்தால், எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை விநாடியில் எடுத்தார்கள் என்ற கணக்குதான் முதலில் கைக்கு வருகிறது. எண்ணுவதற்கு எளிது என்பதைத் தவிர அதற்குப் பெரிய தகுதி இல்லை என்பேன். அமெரிக்காவில் 14 மையங்களின் அழைப்புகளை உடனுக்குடன் ஒட்டுக்கேட்டு பிரையன் மிஷாரா குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 1,431 பேரில் 723 பேரிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்கவே இல்லை. அழைப்புக் கணக்கில் அந்த 723 உரையாடல்களும் கவனிக்கப்பட்ட அழைப்புகள்தான். அதனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது, "சாகணும்னு தோணுதா?" என்று வாய்விட்டுக் கேட்டார்களா என்பதை.

அடுத்தது, பிறகு யாராவது விசாரித்தார்களா என்பது. உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை 18 மாதம் கவனித்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள்; ஒரு மணி நேரம் பேசி, அதன்பின் அவ்வப்போது போனிலோ நேரிலோ நலம் கேட்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். ஜெர்மனியில் பெயர் கேட்காமல் பேசும் தொலைபேசி உதவிச் சேவையான டெலிஃபோன்ஸேல்ஸோர்கேயில் இது எப்படி நடக்கும் என்பார்கள். நடக்காது; நம்பர் தெரிந்தால் விஷயம் தமிழ்ச் சங்கம் வரை போகும் என்று அஞ்சும் நம் தமிழர்களுக்குப் பெயர் சொல்லாமல் பேசும் வசதி அப்படியே இருக்கட்டும். நேரில் சந்திக்கும் சேவைகளுக்கு இந்தச் சாக்கு செல்லாது. "நாளைக்குக் கூப்பிடலாமா?" என்று எத்தனை பேரிடம் கேட்டார்கள், சரி என்றவர்களில் எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள்? இரண்டே எண்கள். நகரத்தின் தற்கொலை எண்ணிக்கை குறைந்ததா என்று பார்த்தால் போதாதா என்றால், போதாது. ஆறு லட்சம் பேர் வாழும் ஸ்டுட்கார்ட்டில் அந்த எண் ஆண்டுதோறும் தற்செயலாகவே ஏறி இறங்கும். சேவையின் உழைப்பை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டுட்கார்ட்டின் நெருக்கடி அவசரச் சேவை நள்ளிரவோடு முடிகிறது. பக்கத்து பவேரியாவில் 2021 ஜூலை முதல் 24 மணி நேரமும் ஆள் உண்டு. இரவு ஒன்றரைக்கு உதவி தேடுகிறவர் டெலிஃபோன்ஸேல்ஸோர்கேக்கோ மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ போய்விடுவார், இந்தச் சேவையின் கணக்கில் வரமாட்டார். எடுத்த அழைப்புகளை மட்டும் எண்ணும் அறிக்கையில் அந்த மணி நேரங்கள் குறையாகவே தெரியாது. ஆகவே ஆண்டறிக்கை கைக்கு வந்தால் நான் தேடுவது ஒரு வரியை: இரவில் அவசரப் பிரிவுக்கு வந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேரை மறுநாள் தொடர்புகொண்டார்கள்?