சலவைக்கல்லை நம்பி ஒரு மாநகரம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

ஆக்ரா என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது தாஜ்மகால் ஒன்றே. நாட்காட்டியிலும் பாடப்புத்தகத்திலும் கண்காட்சிப் பந்தலிலும் அதனைப் பார்த்துப் பழகிவிட்டோம். அந்த மாளிகையைச் சுற்றி ஒரு பெரிய ஊர் இருக்கிறது என்பதைத்தான் நாம் நினைப்பதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அவ்வூரில் வாழ்ந்தோர் 15,85,704 பேர். இத்தனை பேரும் தாஜ்மகாலைப் பார்த்துக்கொண்டே வயிறு நிரப்பிவிட முடியாதன்றோ? அவர்கள் என்ன தொழில் செய்தார்கள், அத்தொழில் அந்த வெள்ளைக் கல்லுக்கு என்ன செய்தது, பின்னர் அந்தக் கல் அவர்களுக்கு என்ன செய்தது என்பதை வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

ஊரின் தோற்றம்

யமுனைக் கரையில் அமைந்த ஆக்ராவைத் தலைநகராக உயர்த்தியவர் சிக்கந்தர் லோடி. இது பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. 1526இல் பாபர் வசம் வந்த இந்நகரில் அக்பர் 1565 முதல் செம்மணற்கல்லால் கோட்டை எழுப்பினார். ஷாஜகானின் மனைவி மும்தாஜ் 1631இல் புர்ஹான்பூரில் இறந்தார். அடுத்த ஆண்டு தொடங்கிய தாஜ்மகால் வளாகப் பணி 1653 வாக்கில் நிறைவுற்றது. அதற்கான வெண்சலவைக்கல் இராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வந்தது. ஆற்றங்கரை மண் இளகியது என்பதால், கிணறுகள் போலத் தோண்டி நிரப்பிய அடித்தளத்தின் மேல் அவ்வளவு பாரத்தையும் நிறுத்தினார்கள். அக்காலத்துப் பொறியியல் அறிவுக்கு இது ஒன்றே சான்று.

சுற்றுப்புறம்

ஆக்ராவைச் சுற்றியுள்ள நிலப்பகுதியும் காணத்தக்கது. ஊரின் ஓரத்திலுள்ள சிக்கந்தராவில் அக்பரின் கல்லறை இருக்கிறது. ஆற்றின் மறுகரையில், நூர்ஜகான் தம் தந்தைக்காக எழுப்பிய இதிமாத் உத் தௌலா கல்லறை உள்ளது. வெண்சலவைக்கல்லில் வண்ணக் கல் பதிக்கும் கலையைத் தாஜ்மகாலுக்கு முன்பே அங்குக் காணலாம். மேற்கே ஏறத்தாழ 37 கிலோமீட்டரில் அக்பர் கட்டிய பதேபூர் சிக்ரி. அதற்கும் அப்பால் பறவைகளுக்குப் பேர்பெற்ற பரத்பூர். வடமேற்கே கண்ணன் பிறந்த ஊராகப் போற்றப்படும் மதுரா. கிழக்கே கண்ணாடி வளையலுக்குப் பெயர்போன பிரோசாபாத். ஆக்ராக் கோட்டையும் தாஜ்மகாலும் 1983இலும், பரத்பூர்ச் சரணாலயம் 1985இலும், பதேபூர் சிக்ரி 1986இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

ஊராரின் தொழில்கள்

சுற்றுலா வருமுன்பே ஆக்ரா தொழில் நகரம். தோல் காலணி தைப்பது இங்குப் பெருந்தொழில். இரும்பு வார்க்கும் பவுண்டரிகள் பல இருந்தன. பேட்டா என்னும் இனிப்புப் பண்டமும் இவ்வூருக்கே உரியது. நம் ஊரில் திருஷ்டிக்குக் கட்டும் சாம்பல் பூசணிதான் அதன் மூலப்பொருள். துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்த பிறகே சர்க்கரைப் பாகில் வேகவைப்பார்கள். சுண்ணாம்பிலுள்ள கால்சியம், காயிலுள்ள பெக்டினுடன் சேர்ந்து துண்டுகளைக் குழையாமல் கெட்டிப்படுத்துகிறது. வேதியியல் நூலைத் தொட்டறியாத சமையற்காரர்கள் கையாளும் வேதியியல் இது!

பவுண்டரிக்குக் கல்கரி, கண்ணாடி உலைக்கும் பேட்டா அடுப்புக்கும் நிலக்கரி என்று எல்லாத் தொழிலும் புகையை நம்பியே நடந்தன. சிக்கல் அங்கேதான் தோன்றியது.

கல்லை அரிக்கும் காற்று

சலவைக்கல் என்பது கால்சியம் கார்பனேட். நிலக்கரியில் கந்தகம் உண்டு. அது எரியும்போது கந்தக டை ஆக்சைடு வெளிவருகிறது. ஈரக்காற்றில் அது மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாகிறது. அமிலம் படிந்த சலவைக்கல்லின் மேற்பரப்பு ஜிப்சமாக மாறுகிறது.

நம் ஆய்வகத்தில் இதனை எளிதாகக் காணலாம். சலவைக்கல் துண்டின் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் கல் தீரும்வரை நுரைக்கும். நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றினாலோ முதலில் நுரைத்துப் பின்னர் அடங்கிவிடும். எளிதில் கரையாத கால்சியம் சல்பேட் மேலே படிந்து கல்லை மூடிவிடுவதே காரணம். அப்படியானால் அந்தப் படலமே தாஜ்மகாலுக்குக் கவசம் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஒரு மோல் கால்சைட்டின் பருமன் சுமார் 37 கன சென்டிமீட்டர். ஒரு மோல் ஜிப்சத்தின் பருமன் சுமார் 74. இருமடங்கு இடம் கேட்கும் பொருள் கல்லின் நுண்துளைகளில் உருவானால் மேற்பரப்பு உப்பிச் செதில் செதிலாகப் பெயரும். மேலும் ஜிப்சம், கால்சைட்டைவிடப் பன்மடங்கு நீரில் கரையக்கூடியது. மழை பெய்யும்தோறும் கவசம் கழுவிச் செல்லப்படும். புதிய கல் வெளிப்படும். மீண்டும் அமிலம் தாக்கும்.

மதுராவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அமைக்கும் திட்டம் 1970களில் வந்தபோது இந்த அச்சம் பெரிதாக எழுந்தது. காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து ஆக்ராவை நோக்கி வீசுவதுதான் காரணம். டாக்டர் எஸ். வரதராஜன் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு இதனை ஆராய்ந்தது. மதுரா ஆலை இயங்குமுன்பே ஆக்ராவின் காற்றில் கந்தக டை ஆக்சைடு மிகுந்திருந்ததை அக்குழு கண்டது. ஊரிலிருந்த அனல்மின் நிலையங்கள், பவுண்டரிகள், இரயில்வே யார்டு ஆகியவையே அதற்குக் காரணம். ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது.

தீர்ப்பும் தொழிலாளியும்

வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1984இல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 30ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தாஜ்மகாலைச் சூழ்ந்த 10,400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சரிவக வடிவப் பகுதியில் அடையாளம் காணப்பட்ட 292 தொழிற்கூடங்கள் நிலக்கரியையும் கல்கரியையும் விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும். இயலாதவை அப்பகுதியை விட்டு வெளியேற வேண்டும் என்பது அதன் சாரம். வெளியேறும் கூடங்களின் தொழிலாளர்களுக்குப் பணித்தொடர்ச்சியும், இடம் மாறுவோர்க்கு ஓராண்டு ஊதியமும் வழங்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது.

இந்தப் பகுதியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். என் தந்தையார் கோவையில் ஒரு பவுண்டரியில் மோல்டிங் வேலை செய்பவர். பல ஆண்டுகள் அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருந்ததில்லை. வாரக்கூலி கைக்கு வரும், அவ்வளவே. பதிவேட்டில் பெயருள்ளவனுக்குத்தான் பணித்தொடர்ச்சி உண்டு. பெயரில்லாதவனுக்கு உலை அணைந்தால் அடுப்பும் அணையும். நீதிமன்றம் தொழிலாளியை மறக்கவில்லை என்பது பாராட்டத்தக்கது. ஆனால் இத்தகைய ஆணை ஒருவனைச் சென்றடைய, முதலில் அவன் தொழிலாளி என்று எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அதே வேளையில் எரிபொருள் மாற்றம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்வதற்கில்லை. பிரோசாபாத்தில் டெரி நிறுவனம் வடிவமைத்த எரிவாயு உலைகளைக் கண்ணாடித் தொழிலார் ஏற்றுக்கொண்டனர். புகையும் குறைந்தது, தொழிலும் தொடர்ந்தது. ஆலையா, தாஜ்மகாலா என்ற பட்டிமன்றத் தலைப்புக்கு இதுவே சரியான விடை என்பது என் கருத்து.

மஞ்சளும் பச்சையும்

கந்தகம் குறைந்தும் கல் மங்குவது நிற்கவில்லை. தாஜ்மகாலில் சிறு சலவைக்கல் துண்டுகளை வைத்து, அவற்றில் படிந்ததை நுண்ணோக்கியில் ஆராய்ந்த இந்திய, அமெரிக்க அறிவியலாளர்களின் முடிவு 2014இன் இறுதியில் வெளியானது. தூசியும், குப்பை, விறகு, சாணம், எண்ணெய் எரிவதால் வரும் கரித்துகளுமே பழுப்பு நிறத்துக்குக் காரணம் என்று அவர்கள் கண்டனர். 2015 தொடக்கத்தில் ஆக்ராவில் சாண வறட்டி எரிக்கத் தடை வந்தது. பவுண்டரி உலைக்குப் பின் ஏழைப் பெண்ணின் அடுப்பு! எரிவாயு இணைப்பு கொடுத்தால் மட்டும் போதாது. சிலிண்டரை மீண்டும் நிரப்பக் கையில் காசும் வேண்டும்.

இதே ஆண்டுகளில் ஆற்றை நோக்கிய சுவரில் பச்சைக் கறை தோன்றியது. கழிவுநீர் தேங்கிய யமுனையில் பெருகிய ஒருவகைப் பூச்சியின் எச்சம் அது. கல்லைத் துலக்க முல்தானி மிட்டி என்னும் களிமண்ணைக் குழைத்துப் பூசி, உலர்ந்ததும் காய்ச்சி வடித்த நீரால் கழுவுகிறார்கள். 1994, 2001, 2008, 2014 ஆகிய ஆண்டுகளில் இது செய்யப்பட்டது. முகத்தைக் கழுவலாம், காற்றையும் ஆற்றையும் கழுவாதவரை அழுக்கு திரும்பி வரும்.

விருந்தினரை நம்பும் ஊர்

புகைத்தொழில் சுருங்கச் சுருங்க, சுற்றுலாவின் பங்கு பெருகியது. வழிகாட்டி, புகைப்படக்காரர், ஆட்டோ ஓட்டுநர், கல் பதிக்கும் கைவினைஞர், பேட்டா விற்பவர் எனப் பல்லாயிரவர் வெளியூராரை நம்பியிருக்கிறார்கள். 165 கிலோமீட்டர் நீள யமுனை விரைவுச்சாலை 2012இலும், கதிமான் விரைவு ரயில் 2016இலும் வந்தன. வருவது எளிதாயிற்று, திரும்புவதும் எளிதாயிற்று. காலையில் டில்லியிலிருந்து வந்து, தாஜ்மகாலைக் கண்டு, மாலையில் திரும்பிவிடும் பயணியால் விடுதிக்காரருக்கு என்ன பயன்? கொரோனாவால் 2020 மார்ச் 17 முதல் செப்டம்பர் 21 வரை தாஜ்மகால் மூடப்பட்டிருந்தது. ஒரு கதவு மூடினால் ஓர் ஊரின் பிழைப்பே மூடுகிறது என்பதை அந்த ஆறு மாதங்கள் காட்டின.

முடிவுரை

தாஜ்மகால் காக்கப்பட வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. அதைக் காப்பதற்கான செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி. கல்லின் அழகைக் காண உலகமே வருகிறது. உலையை இழந்தவனோ உள்ளூரான். நுழைவுச்சீட்டில் வரும் பணத்தில் ஒரு பங்கு அவனுடைய புதிய உலைக்கும் அவன் வீட்டு எரிவாயுவுக்கும் யமுனையின் தூய்மைக்கும் செல்லுமானால், கல்லும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும். அறிவியல் பயிலும் நாம் நாளை ஆய்வறிக்கை எழுதும் நிலைக்கு உயரலாம். அப்போது காற்றிலுள்ள கந்தகத்தின் அளவை எழுதும் அதே தாளில், அந்த உலையடியில் நிற்பவர்களின் எண்ணிக்கையையும் எழுதுவோமாக.