பிரேக் டூட்டியை முதலில் கவனியுங்கள்

“சர்வர்கள் மூன்று மாதம்கூட நிற்பதில்லை. சம்பளம் கூட்டியும் பார்த்துவிட்டேன்” என்று சைவ ஓட்டல் நடத்தும் ஒருவர் வருத்தப்பட்டார். அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: மதியம் அவர்கள் எங்கே படுக்கிறார்கள்?

காலை 7 முதல் பகல் 3 வரை டூட்டி. மறுபடி மாலை 6 முதல் இரவு 10 வரை. இதுதான் பிரேக் டூட்டி. நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்தை ஓய்வு என்கிறோம். வீட்டுக்குப் போய்வர நேரம் போதாது. ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பழைய பேனரை விரித்துப் படுக்கிறார்கள். ஆறு நாள் கணக்குப் போட்டால் 72 மணி நேர வேலை. சட்டம் சொல்வது வாரத்துக்கு 48. இரவு 9 மணிக்கு இரண்டாவது தடவை சட்னி கேட்ட குரல் காதில் விழாததுபோல் ஒருவர் நகர்ந்து போனால், அதைத் திமிர் என்று நினைக்காதீர்கள். கால் கடுக்கிறது, அவ்வளவுதான்.

பிரேக் டூட்டியை எடுத்துவிடுங்கள். ஒரு செட் காலை 6 முதல் 2.30 வரை, இன்னொரு செட் 1.30 முதல் 10 வரை. சாப்பாட்டு நேர நெருக்கடியில் ஒரு மணி நேரம் இரண்டு செட்டும் இருக்கும். சாப்பிட அரை மணி நேரம் போனால் எட்டு மணி நேர வேலை. கூடுதல் ஆள் வேண்டும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மாதம்தோறும் புது ஆளுக்கு டேபிள் நம்பரிலிருந்து சொல்லிக்கொடுப்பதும் செலவுதானே? சின்னக் கடை, முடியாது என்றால், பிரேக் டூட்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போடுங்கள்.

வார லீவுப் பட்டியலை முன்கூட்டியே ஒட்டுங்கள், ஒட்டியபின் மாற்றாதீர்கள். ஊழியர் சாப்பாட்டைக் கூட்டம் வருவதற்கு முன்பே போடுங்கள், வாடிக்கையாளருக்கு ஊற்றும் அதே சாம்பாரோடு. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். தட்டு அடுக்கும் இடத்தருகே இரண்டு ஸ்டூல் போட என்ன செலவாகிவிடும்? டேபிளில் நடந்த தவறை, தயவுசெய்து, டேபிள் முன்னால் கண்டிக்க வேண்டாம். கை கழுவும் இடத்துக்கு அப்பால் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இன்று மதியம் 3.30-க்கு ஊழியர் படுக்கும் இடத்துக்குப் போய், பத்து நிமிடம் நீங்களே படுத்துப் பாருங்கள்.