வெயிலா, அடுப்பா? மூலிகை எண்ணெய்க்கு எது சரி

சருமத்துக்கு வீட்டிலேயே மூலிகை எண்ணெய் தயாரிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, வெயிலில் வைப்பதா அடுப்பில் காய்ச்சுவதா என்றுதான். அதற்கு முன் கையிலிருக்கும் மூலிகையைப் பாருங்கள். அது பச்சையா, காய்ந்ததா? அதில் நமக்கு வேண்டியது எண்ணெயில் இறங்குமா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் பாதி குழப்பம் தீரும்.

மஞ்சளின் நிறம், கேரட்டின் நிறம், வெட்டிவேரின் வாசனை எல்லாம் எண்ணெயில் இறங்கும். குங்குமப்பூவின் நிறமோ தண்ணீரில் கரைவது. பாதாம் எண்ணெயில் நாலு இழை குங்குமப்பூவைப் போட்டு மாதக்கணக்கில் வைத்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது, பணம்தான் கரையும். குங்குமாதி தைலத்துக்கு ஆயுர்வேதக்காரர்கள் கஷாயமும் ஆட்டுப்பாலும் விட்டு நல்லெண்ணெய் காய்ச்சுவது சும்மா இல்லை. கற்றாழைச் சோறும் பெரும்பாலும் தண்ணீர்தான். அதை எண்ணெயில் போட்டுக் காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும், வழவழப்பு சக்கையோடு வடிகட்டியில் நின்றுவிடும். கற்றாழை வேண்டுமென்றால் மடலைக் கீறி அப்படியே பூசிக்கொள்வது மேல்.

வெயிலுக்கென்றே பிறந்தது வெட்பாலை. சித்த மருத்துவம் காளாஞ்சகப் படை என்று சொல்லும் சொரியாசிஸுக்குப் பெயர்பெற்ற எண்ணெய் இது. புதிதாகப் பறித்த இலையைக் கையால் கிள்ளி, கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, இலை மூழ்கும்வரை தேங்காய் எண்ணெய் ஊற்றி வெயிலில் வைக்கிறார்கள். சில நாள் வெயிலிலேயே எண்ணெய் கருநீலமும் சிவப்பும் கலந்த நிறத்துக்கு மாறிவிடும். முன்பு நீலச் சாயம் எடுக்கவும் பயன்பட்ட மரம் அல்லவா, அந்தச் சாயத்தின் உறவுக்காரப் பொருள்கள்தான் இந்த நிறத்தைத் தருகின்றன. வாயை இறுக்கி மூடக் கூடாது; வெள்ளைத் துணி கட்டினால் போதும், இலையின் ஈரம் வெளியேற வழி வேண்டும். மரத்தை அடையாளம் காண்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குடசப்பாலைக்கும் கிட்டத்தட்ட இதே போன்ற இலை, அதே பால். காயைப் பாருங்கள்: வெட்பாலையின் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கும்.

மற்ற பச்சை இலைகளை வெயிலில் வைக்க நான் சொல்லமாட்டேன். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். குப்பைமேனி, அருகம்புல், வேப்பிலை என்றால் அடுப்புதான். பழைய கணக்கு ஒன்று உண்டு: அரைத்த மூலிகை 1 பங்கு, எண்ணெய் 4, சாறோ கஷாயமோ 16. தண்ணீர் இருக்கும்வரை எண்ணெய்க் கலவையின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், மூலிகை கருகாது. தண்ணீர் வற்றியதும் சூடு விறுவிறுவென ஏறும். அந்த நேரத்தில் போன் வந்தால் எடுக்காதீர்கள். சக்கையைக் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கு இடையே உருட்டினால் திரியாகத் திரள வேண்டும்; அதைத்தான் மெழுகுப் பதம் என்கிறார்கள். மணல் மாதிரி உதிர்ந்தால் அடுத்த பதம் வந்தாயிற்று. சந்தேகமிருந்தால் பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பாருங்கள். படபடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

இந்தப் பதமெல்லாம் பழகாதவர்களுக்கும் காய்ந்த சரக்குக்கும் மூன்றாவது வழி உண்டு: கொதிநீருக்குள் பாத்திரத்தை இறக்கி வைப்பது. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் எண்ணெயும் போகாது. 250 மில்லி எண்ணெய்க்கு 25 கிராம் உலர்ந்த வெட்டிவேரோ ஆவாரம்பூவோ போட்டு, சிறு தீயில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறியதும் வடிகட்டுங்கள். வெளிப் பாத்திரத்தின் நீர் உள்ளே தெறிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். முதல் முறை செய்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

எண்ணெயில் பெரிய குழப்பம் வேண்டாம். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சீக்கிரம் சிக்குவாடை அடிக்காது, சூரியகாந்தி எண்ணெய் அடிக்கும். விளக்கெண்ணெய் தனியாகப் பிசுபிசுக்கும், கால்பங்கு கலந்துகொள்ளலாம். முகப்பரு வருகிற முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது. பொடுகும் மூக்கோரச் செதிலும் உள்ளவர்கள் எந்த மூலிகை எண்ணெயையும் அந்த இடத்தில் தேய்க்காமல் இருப்பதே நல்லது. அங்குள்ள பூஞ்சைக்கு எண்ணெயின் கொழுப்பு தீனியாகும். சிரங்குப் பூச்சியால் வீட்டில் எல்லோரும் இரவில் சொறிகிறார்களென்றால் குப்பைமேனித் தைலத்தை நம்பி உட்காராமல் மருத்துவரிடம் போங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் சருமத்துக்கு என்று கேட்டால் கார்போகரிசியையும் பொட்டலம் கட்டித் தருவது உண்டு. அதிலுள்ள சோராலென் சருமத்தில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். வெண்புள்ளிக்கு அதை மருத்துவர் கண்காணிப்பில் பயன்படுத்துவது வேறு, நிறம் கூட்ட வீட்டு எண்ணெயில் சேர்ப்பது வேறு. பொட்டலத்தைப் பிரித்ததும் தட்டையான, அவரைவிதை வடிவில் கருத்த சிறு விதைகள் தென்பட்டால் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். எந்த எண்ணெயானாலும் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோங்கள்.