மலாய் மொழியை நாமே கற்போம்

பிரிக்பீல்ட்ஸிலும், மஸ்ஜித் இந்தியா சாலையிலும், கிள்ளானிலும் கடை நடத்தும் நம்மவர்களுக்கு மலாய் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. விலை சொல்கிறோம், பேரம் பேசுகிறோம். ஆனால், 1967-இல் மலாய் இந்நாட்டுத் தீபகற்பத்தின் ஒரே அரசாங்க மொழியாயிற்று. லைசென்ஸ் பாரத்துக்கும் நகராண்மைக் கழகத்தின் கடிதத்துக்கும் கடைத்தெரு மலாய் போதாது. படித்தறியாமல் கையொப்பமிடுவது வியாபாரிக்கு அழகன்று, நஷ்டமும் அவருக்கே.

கற்பதற்கு வயது தடையன்று. பல சொற்கள் நாம் முன்பே அறிந்தவை. கெடாய் என்பது நம் கடை. மோடல் நம் முதல். காப்பல் நம் கப்பல். பெத்தி நம் பெட்டி. கபர், வக்து, ஜவாப் முதலியன அரபியிலிருந்து சென்றவை. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ என்பதற்குக் கீத்தா. அவர் நீங்கலான ‘நாங்கள்’ என்பதற்குக் காமி. ஆங்கிலம் பேசுவோர் இப்பேதத்தில் தடுமாறுவர். நமக்கோ இது தாய்மொழியோடு வந்தது.

வேற்றுமை எங்கே? நாம் ‘சிவப்புச் சட்டை’ என்போம். மலாயில் ‘பாஜு மேரா’, அதாவது சட்டை முன், சிவப்பு பின். ‘சாயா புன்யா கெடாய்’ என்பது சந்தை வழக்கு. ‘கெடாய் சாயா’ என்பதே திருத்தமானது. வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. முன்னே சுடா வந்தால் முடிந்தது. செடாங் வந்தால் நடக்கிறது. ஆக்கான் வந்தால் இனி நடக்கும்.

சொற்களைத் தமிழெழுத்தில் மட்டும் குறித்து வைக்கலாகாது. ‘பாகி’ என்று எழுதினால் அது காலைப்பொழுதா, ‘கொடு’ என்பதா? ‘துவா’ என்றால் இரண்டா, முதுமையா? மலாயில் வெவ்வேறான ஒலிகள் நம் எழுத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே ரோமன் எழுத்தைப் பழகுவது அவசியம். குர்ஆன் ஓதத் தெரிந்தவர் ஜாவியையும் எளிதில் படிக்கலாம். அரபு எழுத்துக்களோடு கூடுதலாகச் சிலவே உள.

1854-இல் காலமான மலாக்கா முன்ஷி அப்துல்லாவை நினைவிற் கொள்வோம். வியாபாரக் கணக்குக்குப் பயன்படும் என்று அவருடைய தந்தை அவரைத் தமிழ் கற்க அனுப்பினார். மலாய்க்கோ அன்று தனிப் பள்ளி இல்லை. பெரியோரைக் கேட்டும் நூல்களைப் படித்தும் தேர்ந்து, ஆங்கிலேயருக்கே அதை அவர் கற்பித்தார்.

நாம் செய்யவேண்டியது இதுதான். கல்லாவின் அருகே ஒரு நோட்டு வைத்து நாள்தோறும் ஐந்து சொல் எழுதுக. அன்றைய வாடிக்கையாளரிடமே அவற்றை வாக்கியமாக்கிப் பேசுக. விளங்காததை ‘அப்பா எர்த்தின்யா?’, அதாவது ‘இதன் பொருள் என்ன?’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டா. வந்தவரை எஞ்சே, புவான் என மரியாதையாக அழைக்கவும். வாரம் ஒரு கடிதம் எழுதி, பள்ளி செல்லும் பிள்ளையைத் திருத்தச் சொல்லலாம். பிள்ளையிடம் கற்பது இழிவன்று.

ஓராண்டில் நோட்டு நிறையும். பிறர் படித்துச் சொல்லக் காத்திருக்கும் நிலையும் நீங்கும், இன்ஷா அல்லாஹ்.