கையெழுத்துப் போடும் முன்

காலை நேரம். புதுச்சேரியில் ஒரு தெரு. செல்வி தள்ளுவண்டியில் காய்கறி விற்றுக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்த கார் வண்டியில் இடித்தது. சக்கரம் வளைந்தது. தக்காளி நசுங்கியது. செல்விக்கு முழங்கையில் அடி.

கார்க்காரர் இறங்கி வந்தார்.

"காருக்கு இன்ஷூரன்ஸ் முடிந்துவிட்டதும்மா. போலீஸ் எல்லாம் வேண்டாம். இந்தா 300 ரூபாய். இதில் கையெழுத்துப் போட்டுவிடு" என்று ஒரு தாளை நீட்டினார்.

போன வருஷம் என்றால் செல்வி கைநாட்டு வைத்திருப்பாள். இப்போது எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நஷ்டம் முழுவதும் வாங்கிக்கொண்டேன். இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதியிருந்தது.

"சக்கரத்துக்கே இது போதாதே! கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் செல்வி.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரைக் கேட்டாள்: "இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் பணம் கிடைக்காதா அண்ணே?"

"கிடைக்கும் தங்கச்சி. கம்பெனி தராவிட்டால் வண்டிச் சொந்தக்காரர் தன் கையிலிருந்து தர வேண்டும். முதலில் கார் நம்பரை எழுதிக்கொள்" என்றார் அவர்.

செல்வி நம்பரை எழுதினாள். கார்க்காரரின் பெயர், விலாசம் எழுதினாள். பார்த்தவர்கள் இருவரின் பெயரையும் எழுதினாள். ஆட்டோக்காரர் செல்போனில் படம் எடுத்தார். செல்வி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சீட்டைப் பத்திரமாக வைத்தாள். பிறகு போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தாள். ரசீதும் கேட்டு வாங்கினாள்.

வீட்டில் கணக்கு எழுதினாள்.

சக்கரம்: 1,800 ரூபாய்
தக்காளி: 450 ரூபாய்
ஒரு நாள் வருமானம்: 400 ரூபாய்
மொத்தம்: 2,650 ரூபாய்

இரண்டு நாளில் கார்க்காரர் பணத்தோடு வந்தார். செல்வி எண்ணிப் பார்த்தாள். ரசீதில் தொகையைப் படித்துப் பார்த்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

தெரிந்துகொள்வோம்

1. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. அதன்படி கார், லாரி, மோட்டார் சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

2. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம். அல்லது 3 மாதம் வரை சிறை. இரண்டும் கிடைக்கலாம். இது 2019-ல் வந்த திருத்தம்.

3. அபராதம் அரசுக்குப் போகும். நம் நஷ்டத்தை நாம்தான் கேட்க வேண்டும்.

4. கார்க்காரர் தர மறுத்தால், விபத்து வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். 6 மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

5. பெண்களுக்கு வக்கீல் உதவி இலவசம். கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள்.

பதில் எழுதுங்கள்

1. செல்வி ஏன் முதலில் கையெழுத்துப் போடவில்லை?
2. அவள் எதையெல்லாம் எழுதி வைத்தாள்?
3. உங்கள் வீட்டு வண்டியின் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது? பார்த்து எழுதுங்கள்.